உட்கார வைத்த சொல்

சில ஆண்டுகளுக்கு முன், கோவையில் நீரேற்றும் இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் பயன்பாட்டுக் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிய வேலை. இயந்திரத்தை நிறுவும் முறையைச் சொல்லும் ஒரே பக்கத்தில் ‘செட்’ என்னும் சொல் ஏழு இடங்களில் வந்தது. முதல் வரியிலேயே ‘பம்ப் செட்’. அடுத்து, பெட்டிக்குள் இருக்கும் வாஷர்கள் ஒரு ‘செட்’. அடித்தளத்தில் ஊற்றிய சிமென்ட் குழம்பு ‘செட்’ ஆகும்வரை இயந்திரத்தை அசைக்கக் கூடாது. சுழல்தண்டில் இணைப்பைப் பிடித்து நிறுத்தும் திருகாணிக்குப் பெயர் ‘செட் ஸ்க்ரூ’. அழுத்தம் பார்த்து மோட்டாரை நிறுத்தும் சுவிட்சைக் குறிப்பிட்ட அளவுக்கு ‘செட்’ செய்ய வேண்டும். ‘செட்’ செய்த அளவை மீறினால் மோட்டார் நின்றுவிடும். கடைசியாக, கழற்றிய மூடியை மண் படாமல் ஓரமாக ‘செட்’ செய்துவிட வேண்டும்.

அன்று நான் செய்த தவறு எளியது. அகராதியைத் திறந்தேன், ‘அமை’ என்றிருந்தது, பொருத்தமான சொல்லாகவே பட்டது. ஏழில் மூன்று இடங்களில் அதையே மாற்றி மாற்றிப் போட்டுவிட்டேன். ‘குழம்பு நன்கு அமையும்வரை இயந்திரத்தை அசைக்க வேண்டாம்’ என்று நான் எழுதிய வரி, ஏதோ மாமியார் வீட்டுச் சமையலைப் பற்றிச் சொன்னதுபோல் இருந்ததாக, கையேட்டைச் சரிபார்த்தவர் தொலைபேசியில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றே எழுத்துள்ள ஒரு சொல்லிடம் தோற்றுப்போனது உறுத்தியது. அந்த உறுத்தலில்தான் இந்தச் சொல்லின் பின்னால் போகத் தொடங்கினேன். கையேட்டு வேலை முடிந்த பிறகும் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலச் சொற்களிலேயே மிகுதியான பொருள் கொண்டது எது என்ற கேள்விக்கு நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விடை ‘செட்’ என்பதுதான். 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இதற்கு 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. அவற்றை விளக்குவதற்கு ஏறத்தாழ 60,000 சொற்கள் செலவாகியிருந்தன. ஒரு நடுத்தர நாவலின் அளவு அது. பிறகு, அதே அகராதியைத் திருத்தி எழுதும் பணியில் ‘ரன்’ என்னும் வினைச்சொல்லை எடுத்துக்கொண்ட பதிப்பாசிரியர் பீட்டர் கில்லிவர், ஒன்பது மாதங்களுக்கு மேல் உழைத்து 645 பொருள்களைக் கண்டதாக 2011இல் செய்தி வந்தது. முடி ‘செட்’டின் தலையிலிருந்து ‘ரன்’னின் தலைக்கு மாறிவிட்டதாகப் பலரும் எழுதினார்கள். ‘செட்’டின் 430 பழைய பதிப்பின் கணக்கு, ‘ரன்’னின் 645 புதிய திருத்தத்தின் கணக்கு என்பதை அந்தக் கொண்டாட்டத்தில் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு வயலை முழத்தாலும் இன்னொன்றைச் சங்கிலியாலும் அளந்து, எது பெரிது என்று பந்தயம் கட்டியதுபோன்ற கதை அது.

எனக்கு அந்தப் பந்தயத்தைவிட, 430 என்று எண்ணியது எப்படி என்ற கேள்வியே சுவையாக இருந்தது. பொருள்களை எப்படி எண்ணுகிறார்கள்? மேசையில் தட்டுகளையும் குவளைகளையும் அதனதன் இடத்தில் வைப்பது ஆங்கிலத்தில் ‘செட்’. மோதிரத்தில் கல்லைப் பதிப்பதும் ‘செட்’. முறிந்த எலும்பை நேர்ப்படுத்திக் கட்டுவதும் ‘செட்’. இவை மூன்று பொருள்களா, மூன்று பொருட்களின்மேல் நடக்கும் ஒரே செயலா? ஒன்று என்று சொல்பவரும் தவறு சொல்லவில்லை. மூன்று என்பவரும் தவறு சொல்லவில்லை. அகராதி செய்பவர்களுக்குள் சேர்ப்பவர்கள், பிரிப்பவர்கள் என்று இரண்டு கட்சிகள் எப்போதும் உண்டு. ஒருவருடைய கத்தி மழுங்கல், இன்னொருவருடையது கூர்மை. ஆகவே 430 என்பது சொல்லின் எடையைக் காட்டும் அளவுக்கு அதை அறுத்த கத்தியின் கூர்மையையும் காட்டுகிறது என்பதே என் எண்ணம்.

அந்தக் கத்தியை முதலில் பிடித்த கை யாருடையது என்று தேடியபோது, ஹென்றி பிராட்லி என்ற மனிதரிடம் போய் நின்றேன். 1857இல் இலண்டன் மொழியியற் கழகத்தில் விதை விழுந்து, 1879இல் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரியின் கைக்கு வந்து, 1884இல் முதல் பகுதி அச்சேறி, 1928இல்தான் முற்றுப்பெற்றது ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. பிராட்லி பல்கலைக்கழகத்தில் படித்தவரல்லர். கத்தி, கரண்டிகளுக்குப் பெயர்போன ஷெஃபீல்டு நகரத்தில், அத்தகைய ஒரு நிறுவனத்தின் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் எழுத்தராக இருபது ஆண்டுகள் இருந்தவர். மொழிகளைத் தாமாகவே கற்றவர். அகராதியின் முதல் பகுதி வெளிவந்தபோது அதற்கு அவர் எழுதிய மதிப்புரையின் ஆழத்தைக் கண்டு மர்ரி வியந்தார். பின்னாளில் பிராட்லியே பதிப்பாசிரியர்களுள் ஒருவரானார். எஸ் என்னும் எழுத்தின் தொடக்கப் பகுதி அவர் பொறுப்பில் இருந்ததால், முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் ‘செட்’ அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. கத்தி செய்யும் ஊரிலிருந்து வந்தவரிடம் இந்தச் சொல்லை அறுக்கும் வேலை போய்ச் சேர்ந்தது தற்செயல்தான். ஆனாலும் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சின்ன மகிழ்ச்சி.

அவர்களுடைய முறை எளிமையானது, ஆனால் கொடுமையானது. உலகெங்கும் இருந்த தன்னார்வ வாசகர்கள் தாங்கள் படித்த நூல்களிலிருந்து ஒரு சொல் வந்த வாக்கியத்தைச் சிறு தாளில் எழுதி, நூலின் பெயரையும் ஆண்டையும் குறித்து அனுப்புவார்கள். அப்படி வந்து சேர்ந்த தாள்கள் இலட்சக்கணக்கில். ஒரு சொல்லுக்குரிய தாள்களைப் பதிப்பாசிரியர் மேசைமேல் பரப்பி, ஒத்தவற்றை ஒன்றாக அடுக்கி, அடுக்குகளுக்கு இடையே கோடு கிழிப்பார். ‘பியானோ’ போன்ற சொல்லுக்கு இது அரை நாள் வேலை. ‘செட்’ போன்ற சொல்லுக்கு மேசையே போதாது. பகட்டான நீண்ட சொற்கள் அகராதிக்காரர்களைத் தொந்தரவு செய்வதில்லை. அவர்களைக் கொல்பவை குழந்தைகள் இரண்டு வயதில் பேசும் சொற்கள்தான்.

சரி, இத்தனை பொருள்களுக்கும் அடியில் என்னதான் இருக்கிறது? பழைய ஆங்கிலத்தில் இது ‘செட்டன்’. ‘உட்கார்’ என்று பொருள்படும் ‘சிட்டன்’ என்ற வினையின் பிறவினை வடிவம். அதாவது ‘சிட்’ தன்வினை, ‘செட்’ பிறவினை. தான் உட்கார்வது அது, பிறிதொன்றை உட்கார்த்துவது இது. இன்றைய ஆங்கிலம் படிப்பவர்களுக்கு இந்த உறவு எளிதில் தெரியாது. தமிழ் தெரிந்தவர்களுக்கோ விளக்கமே வேண்டாம். கிட என்பதிலிருந்து கிடத்து வருகிறது. ஆங்கிலத்தில் ‘லை’ என்பதற்கு ‘லே’. விழு என்பதன் பக்கத்தில் வீழ்த்து நிற்கிறது. ஆங்கிலத்தில் மரம் விழுவது ‘ஃபால்’, மரத்தை வீழ்த்துவது ‘ஃபெல்’. அதே கணக்கில், இரு என்பதற்கு இருத்து எப்படியோ அப்படி ‘சிட்’டுக்குச் ‘செட்’. இருத்தப்பட்டது இருக்கும். வைத்த இடத்தில் நிலைக்கும். இந்த இரண்டு பாதிகள் தாம் அந்தச் சொல்லின் உயிர்: ஓரிடத்தில் வைத்தல், வைத்தது அங்கேயே நிற்றல். முதல் பாதியை அழுத்திச் சொன்னால் மேசை, மோதிரக் கல், கண்ணி, கடிகாரம், தேர்வு வினாத்தாள், திருமண நாள் எல்லாம் வந்துவிடும். இரண்டாம் பாதியை அழுத்தினால் சிமென்ட் இறுகும், ஜெல்லி உறையும், முகம் கல்லாகும், வயதானவர் தம் பழக்கங்களை மாற்றிக்கொள்ள மாட்டார்.

சூரியன் மறைவதற்கு ஏன் இந்தச் சொல் என்பது மட்டும் எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘செட்ல்’ என்றால் இருக்கை. சூரியன் அடைவதற்கு ‘செட்ல்காங்’ என்று பெயர், அதாவது இருக்கைக்குப் போதல். நாள் முழுதும் நடந்தவன் திண்ணைக்கு வந்து உட்கார்வதுபோல, சூரியன் தன் இருக்கைக்குப் போகிறான். இதைப் படித்ததும் என் பாட்டி சொல்லும் ‘பொழுது அடைஞ்சிருச்சு’ என்ற வாக்கியம் காதில் விழுந்தது. பறவை கூடடைகிறது, கோழி அடைகிறது, பொழுதும் அடைகிறது. இன்னொரு வியப்பும் காத்திருந்தது. முட்டைகளின்மேல் கோழியை உட்கார வைப்பதை நாம் அடை வைத்தல் என்போம். ஆங்கிலேய உழவர்கள் அதற்குச் சொல்வதும் ‘செட்’தான். கோழியும் கதிரவனும் இரண்டு மொழிகளிலும் ஒரே சொல்லில் வந்து உட்காருகின்றன. எவரும் எவரிடமும் கடன் வாங்கவில்லை. மாலை நேரத்தில் முற்றத்தில் நின்று பார்த்த எவருக்கும் தோன்றக்கூடியது அது.

உட்கார்தலைக் குறித்த அந்த வேர் ஆங்கிலத்தோடு நிற்பதுமில்லை. நாற்காலியில் ‘சீட்’, குதிரைமேல் ‘சேடில்’, கிளையில் பறவையின் ‘நெஸ்ட்’, கடன் தீர்ந்தாலும் ஊர் மாறினாலும் ‘செட்டில்’ எல்லாம் ஒரே குடும்பம். இலத்தீன் வழியாக வந்த ‘செஷன்’ அமர்வு. ‘பிரெசிடென்ட்’ முன்னால் அமர்பவர். வடமொழியில் அதே வேர் ‘சத்’ என்று நிற்கிறது. ஆசிரியரின் அருகே கீழே உட்கார்ந்து கேட்டது உபநிடதம். இசை விழாக்களின் இறுதி நாளில் கூடும் சதஸும் அதுவே. பம்ப் செட்டின் செட்டுக்கும் உபநிடதத்துக்கும் உறவுமுறை உண்டு என்று நான் சொன்னபோது, எங்கள் குடும்பப் பெரியவர் ஒருவர் என்னை அருகே உட்கார வைத்து, உடம்பு நலமா என்று விசாரித்தார்.

இவ்வளவு தூரம் ஒரே ஆறாக வந்த கதையில் ஓரிடத்தில் வேறொரு ஆறு கலக்கிறது. ‘டீ செட்’, ‘செஸ் செட்’ என்று ஒன்றோடொன்று சேர்ந்த தொகுதியைக் குறிக்கும் பெயர்ச்சொல் இந்த வேரிலிருந்து மட்டும் வந்ததன்று. பழைய பிரெஞ்சில் ‘செத்’ என்றொரு சொல் இருந்தது. அதன் மூலம் இலத்தீன் ‘செக்தா’. பின்தொடர்தல் என்ற வினையில் பிறந்து, ஒருவரைப் பின்பற்றும் கூட்டத்தைக் குறித்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ அதன் உடன்பிறப்பு. இங்கிலாந்துக்கு வந்த அந்தச் சொல், ஒலி ஒத்திருந்த காரணத்தால் உள்ளூர்ச் ‘செட்’டோடு ஒட்டிக்கொண்டது, ஒன்றாக வைக்கப்பட்டவை என்று மக்கள் அதற்கும் பொருள் கண்டுகொண்டார்கள். பணக்காரக் கூட்டத்தைச் சொல்லும் ‘ஜெட் செட்’டில் பழைய கூட்டத்தின் வாசனை இன்னும் இருக்கிறது. ஆக, உலகின் மிகப் பெரிய சொல் என்று பட்டம் சூட்டப்பட்டது ஒரு சொல்லே அன்று. குறைந்தது இரண்டு சொற்கள் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தன.

கணிதம் எடுத்துக்கொண்டது இந்தக் கூட்டத்துச் ‘செட்’டைத்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஜார்ஜ் கான்டர் இந்தக் கோட்பாட்டை ஜெர்மன் மொழியில் எழுதியபோது ‘மெங்கே’ என்ற சொல்லை ஆண்டார். ஆங்கிலத்தில் முதலில் ‘அக்ரிகேட்’ என்றும் ‘கிளாஸ்’ என்றும் சொல்லிப் பார்த்தார்கள். ‘செட்’ நிலைபெற்றது அதற்குப் பிறகு. வீட்டுச் ‘செட்’டுக்கும் இதற்கும் ஒரு முரண் உண்டு. ஆறு குவளை இருந்தால்தான் டீ செட்; ஒன்று உடைந்தால் செட் போயிற்று என்று அம்மா வருந்துவார். கணிதத்திலோ ஒன்றுமே இல்லாததும் ஒரு செட், ஒரே ஒன்று இருப்பதும் ஒரு செட், வரிசை பொருட்டன்று.

தமிழ் இதற்கு இரண்டு பெயர்கள் சூட்டியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் இது கணம். ஒன்பதாம் வகுப்பில் ‘கண மொழி’ என்றே ஒரு பாடம் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் இது தொடை. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், தாம் பள்ளியில் தொடைகள் படித்ததாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரோ கோபிக்காமல், ‘உங்கடை கணம் மட்டும் என்னவாம்? கண நேரத்திலை வாறன் எண்டு சொன்னால் எந்தக் கணம்?’ என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. கணம் என்றால் நொடி. பூத கணம் என்றால் கூட்டம். தொடை என்றால் உடலுறுப்பு. தொடுத்த மாலையும் தொடை. செய்யுளில் எதுகையும் மோனையும் தொடை. தனித்தனி மலர்களை ஒன்றாகத் தொடுப்பது என்ற எண்ணத்தில் பார்த்தால் இலங்கைக்காரர்களின் தேர்வு அழகானது. பல பொருள் கொண்ட ஆங்கிலச் சொல்லுக்கு மாற்றுத் தேடிய இரண்டு குழுக்களும் பல பொருள் கொண்ட தமிழ்ச் சொல்லிலேயே போய் விழுந்திருக்கிறார்கள்.

இதில் தமிழர்கள் வெட்கப்பட வேண்டியது ஏதுமில்லை. நமக்கு இது பழைய செய்தி. பல பொருள் ஒரு சொல்லைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே எடுத்துப் பேசுகிறது. திவாகர நிகண்டு தன் பதினோராம் தொகுதி முழுவதையும் ஒரு சொல் பல்பொருட் பெயர்களுக்கு ஒதுக்குகிறது. எனக்கு நிகண்டைவிடத் தொல்காப்பியர் சொன்ன வழியே பெரிதாகப் படுகிறது. அவர் பொருள்களை எண்ணவில்லை. அத்தகைய சொல்லின் பொருள் ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’ தெளிவாகத் தோன்றும் என்று சொல்லிவிட்டு நகர்கிறார். மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. சொல்லுக்குள் தேடாதே, அதன் அருகில் நிற்கும் வினையைப் பார், கூட வரும் இனத்தைப் பார், இருக்கும் சூழலைப் பார் என்பது அவர் கூற்று. பிராட்லியின் மேசையில் பரப்பியிருந்த தாள்களும் இதைத்தான் செய்தன. ஒவ்வொரு தாளிலும் ‘செட்’ ஒன்றே, வேறுபட்டவை அண்டைவீட்டார்.

‘செட்டர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நகைப் பட்டறையில் அவர் கல் பதிப்பவர். பழைய அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். பல்கலைக்கழகத்தில் வினாத்தாள் தயாரிப்பவர். கைப்பந்து மைதானத்தில், அடிப்பவருக்கு வாகாகப் பந்தை வலைக்கு மேல் தூக்கிக் கொடுப்பவர். வேட்டைக்குப் போனால் அது ஒரு நாய். பறவை இருக்கும் இடம் தெரிந்ததும் பதுங்கி அமர்ந்து காட்டுவதால் அந்தப் பெயர். சொல் ஒன்றும் செய்யவில்லை. பட்டறையும் அச்சகமும் மைதானமும்தான் பொருளைத் தருகின்றன.

இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன். ‘செட்’டுக்கு இணையாகத் தமிழில் ஒரே சொல் வேண்டுமென்றால் ‘அமை’ அன்று, ‘வை’ என்பதே சரி. பொறி வைக்கிறோம், தீ வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம், தேர்வு வைக்கிறோம், விலை வைக்கிறோம், பந்தயம் வைக்கிறோம், மனம் வைக்கிறோம். இத்தனை இடங்களிலும் ஆங்கிலம் ‘செட்’ போடும், அல்லது அதன் அருகிலேயே நிற்கும். பிறகு வழிகள் பிரிகின்றன. பெயர் வைப்பதும், பொட்டு வைப்பதும், இரசம் வைப்பதும் ‘செட்’டுக்கு வராது. அது தன் பங்குக்கு, கப்பல் புறப்படுவதற்கும் பயணம் தொடங்குவதற்கும் போகிறது. உட்கார வைக்கும் சொல் எப்படிப் புறப்பட வைக்கும் என்று நான் முதலில் குழம்பினேன். நாமும் தொழிலில் அடியெடுத்து வைத்தான், கல்லூரியில் கால் வைத்தான் என்றுதானே சொல்கிறோம்? முதலடியைத் தரையில் வைக்காமல் யாரும் எங்கும் புறப்பட்டதில்லை.

ஓட்டப்பந்தயம் இதற்கு நல்ல சாட்சி. 400 மீட்டர் வரையுள்ள ஓட்டங்களில் தொடங்கிவைப்பவர், கோட்டுக்கு வரச் சொன்ன பிறகு ‘செட்’ என்பார். அப்போது ஓடுபவர்கள் இடுப்பை உயர்த்தி, அசையாமல் நிற்க வேண்டும்; அடுத்தது வெடிச் சத்தம். நீண்ட ஓட்டங்களுக்கு இந்தக் கட்டளை கிடையாது. எங்கள் பள்ளி மைதானத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வேண்டுமென்றே நேரம் கடத்துவார். முற்றிலும் அசையாமல் இருப்பதும் அடுத்த நொடியில் பறப்பதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடந்ததை என் முழங்கால்கள் அறியும்.

தமிழுக்குள் வந்த ‘செட்’டின் கதை தனி. 430இல் பெரும்பாலானவற்றை அது துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்தது. திருவிழாவுக்கு மைக் செட், கல்யாணத்துக்கு நகை செட், சினிமாவுக்குப் போட்ட செட், வயலுக்குப் பம்ப் செட் என்று பொருள்களோடு ஒட்டிக்கொண்டே முதலில் நுழைந்தது. பிறகு இங்கேயே வளர ஆரம்பித்தது. பரோட்டா ஒரு செட் என்றால் பல கடைகளில் இரண்டு. அங்கே இது ஏறக்குறைய எண்ணுப்பெயர். ‘அவன் நம்ம செட்டு’ என்றால் ஒத்த வயது, ஒன்றாகச் சுற்றியவன். பழைய இலத்தீன் கூட்டம் பல நூற்றாண்டு சுற்றி நம் டீக்கடை பெஞ்சில் வந்து அமர்ந்திருக்கிறது. ‘எங்களுக்குள்ள செட் ஆகலை’ என்று காதல் முறிந்த இளைஞன் சொல்வதை ஆங்கிலேயரிடம் அப்படியே சொன்னால் விழிப்பார். பொருந்தி நிலைத்தல் என்ற அந்தப் பொருள் இங்கே விளைந்தது. அதற்கு நம் அகராதிகளில் இடம் கொடுத்துவிடலாம் என்றே நினைக்கிறேன். தூய தமிழ் அன்பர்கள் கோபிப்பார்கள். கோபம் நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனால் ‘ஒத்துவரவில்லை’ என்பதில் இல்லாத ஒரு கைவிரிப்பு ‘செட் ஆகலை’யில் இருக்கிறது. யாரும் குற்றவாளி இல்லை; கலவை இறுகவில்லை, அவ்வளவே.

இங்கேயும் ஆறுகள் கலந்திருப்பதை நான் தாமதமாகவே கவனித்தேன். எங்கள் பக்கம் ‘பம்புசெட்டுக்குக் குளிக்கப் போனேன்’ என்பார்கள். அந்தப் பேச்சில் அது இயந்திரம் அன்று, இடம். தொட்டியும் தென்னையும் ஓட்டுக்கொட்டகையும் சேர்ந்த இடம். ஒரு காரணம், கொட்டகையைக் குறிக்கும் ‘ஷெட்’ என்ற வேறொரு ஆங்கிலச் சொல்லும் கிராமத்து வாயில் செட்டு என்றே ஒலிப்பதுதான். கார் நிற்பதும் செட்டு, மாடு நிற்பதும் தகரச் செட்டு. இவை இரண்டும் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழில் சொந்தமாக ஒரு செட்டு இருந்தது. சிக்கனம் என்று பொருள். கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்தினாள் என்று பெண்களைப் புகழ்வார்கள். ஆங்கிலத்தில் உட்காரவைத்தலும் பின்தொடர்தலும் ஒரே ஒலிக்குள் குடியேறியதைப்போல, தமிழில் சிக்கனமும் தொகுதியும் கொட்டகையும் ஒரே ஒலிக்குள் வாழ்கின்றன. செட்டாக இருந்த அப்பா பம்ப் செட் வாங்கிச் செட்டுக்குள் வைத்தார் என்றால் எவருக்கும் ஐயம் வராது.

கையேட்டுக்குத் திரும்புகிறேன். ஆறு இடங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. பம்ப் செட் பம்ப் செட்டாகவே இருக்கட்டும் என்று விட்டேன். வாஷர்களுக்குத் தொகுதி, திருகாணிக்கு நிறுத்து திருகு, அழுத்தத்துக்கு அளவு குறித்தல், மீறக் கூடாதது குறித்த அளவு, மூடியைத் தனியே எடுத்து வைக்கவும். சிமென்ட் குழம்பு மட்டும் நின்றது. இறுகும்வரையா, உறையும்வரையா, கெட்டியாகும்வரையா?

பொறியாளர்களிடம் இதற்கு விடை மிகத் திட்டமாக இருந்தது. 430 பொருள்களில் இந்த ஒன்றை மட்டும் அவர்கள் ஊசியால் அளக்கிறார்கள். லூயி விகா என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் பெயர் தாங்கிய கருவி அது; ஒரு மில்லிமீட்டர் சதுர முனை கொண்ட ஊசியைச் சிமென்ட் பசையின்மேல் இறக்குவார்கள். ஊசி அடிவரை போகாமல் தடைபடும் கட்டம் தொடக்க ‘செட்’; மேற்பரப்பில் வெறும் தடம் மட்டும் பதியும் கட்டம் இறுதிச் ‘செட்’. சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு முதலாவது 30 நிமிடத்துக்கு முன்னால் வந்துவிடக் கூடாது, இரண்டாவது 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர விதி. கலவை உடனே இறுகிவிடாமல் தாமதப்படுத்தவே சிமென்டில் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். மிக முக்கியமான செய்தி, ‘செட்’ ஆவதும் வலுப்பெறுவதும் வேறு வேறு என்பது. ‘செட்’ சில மணி நேர விவகாரம். வலு ஏறுவதை 3, 7, 28ஆம் நாள்களில் சோதிப்பார்கள். ஆகவே கெட்டியாகும்வரை என்று நான் எழுதினால் பிழையாகிவிடும். இறுகும்வரை என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்காகத் திண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் எனக்கு நன்கு தெரிந்தவர். என் தாளைக் காட்டி, “அண்ணே, இதைப் படிச்சுப் பாருங்க, புரியுதா?” என்றேன். அவர் கரணையைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, வாய்விட்டு வாசித்தார்.

“குழம்பு இறுகும்வரை அசைக்க வேண்டாம்” என்று முடித்தவர், சற்று யோசித்தார். “புரியுதுங்க சார். செட் ஆகற வரைக்கும் தொடக் கூடாதுன்னு சொல்றாங்க.”

“அப்ப ‘செட் ஆகும்வரை’ன்னே போட்டுறலாமா?”

“போடுங்க. இறுகறதுன்னா நட்டு போல்ட்டுன்னு நினைச்சுக்குவாங்க பசங்க.”

அப்போது அந்த வீட்டுப் பையன் திண்டின்மேல் கால் வைக்கப் போனான். “டேய், செட் ஆகலைடா!” என்று அவர் போட்ட சத்தத்தில் பையன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றான். நான் வீட்டுக்கு வந்து, இறுகும்வரை என்பதை அடித்துவிட்டு, செட் ஆகும்வரை என்று எழுதி அனுப்பினேன்.